வானில் ஏற்றியவை வீழ்ந்த வரலாறு

ஏவிய நாளைக் கொண்டாடுவது உலக வழக்கு. வீழ்ந்த நாளை நினைப்பார் அரியர். மனிதன் செய்த முதல் துணைக்கோளாகிய ஸ்பூட்னிக் 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் விண்ணில் ஏறிற்று என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். அதனைச் சுமந்து சென்ற ராக்கெட்டு அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் காற்றுமண்டலத்துள் வீழ்ந்து அழிந்தது என்பதையும், ஸ்பூட்னிக் தானும் 1958 சனவரி 4-ஆம் நாள் அவ்வழியே சென்றது என்பதையும் கற்றோரும் பெரும்பாலும் அறியார். ஆயினும் விண்வெளி யுகத்தின் முதற்பாடங்கள் பலவற்றை மனித குலத்திற்குக் கற்பித்தவை இவ்வீழ்ச்சிகளே. அவற்றை யார் கண்டனர், எவ்வாறு கணித்தனர், அதனால் அறிந்தது யாது என்பதை இம்மலரில் நம் சங்கத்து அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவ்வரலாற்றில் நம் நாட்டு மலை ஒன்றுக்கும் பங்கு உண்டு.

அந்நாளில் செய்தித்தாள்கள் ஸ்பூட்னிக்கைச் ‘செயற்கைச் சந்திரன்’ என்று எழுதின. மக்கள் மாலையிலும் வைகறையிலும் முற்றத்திலும் மாடியிலும் நின்று அதனைக் கண்டோம் என மகிழ்ந்தனர். உண்மையில் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கண்டது ஸ்பூட்னிக் அன்று. அது 58 சென்டிமீட்டர் குறுக்களவும் 84 கிலோகிராம் எடையும் உடைய ஒரு சிறு பந்து. வெறுங்கண்ணுக்குத் தோன்றுவதே அரிது. அதனோடு கூடவே, ஆனால் தனியே, உலகைச் சுற்றி வந்த ராக்கெட்டின் உடல் 25 மீட்டருக்கும் மிகுந்த நீளமுடையது. ஏழு டன்னுக்கு மேல் எடையுடையது. ஞாயிற்றின் ஒளி அதன்மேற்பட்டு, ஒளிமிக்க விண்மீன் ஒன்று நகர்வதுபோல் தோன்றிற்று. உலகம் கைகூப்பி வியந்தது வெற்றுக் குழாயைத்தான்.

அந்தப் பெரிய உடல் முதலில் வீழ்ந்தது. சிறிய பந்து ஒரு திங்களுக்கு மேல் நிலைத்தது. எடை மிக்கது நெடுநாள் நிற்க வேண்டுமன்றோ என்று ஐயுறுவோர் ஒரு கல்லையும் ஒரு முறத்தையும் காற்றில் எறிந்து பார்க்கலாம். எடையைவிட முக்கியமானது, அவ்வெடைக்கு எவ்வளவு பரப்பைக் காற்று தாக்குகிறது என்பதே. ராக்கெட்டு நீண்டு அகன்று புரண்டு புரண்டு சென்றது, பந்து கச்சிதமானது.

இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று ஏது என்று கேட்கலாம். மிக மிக மெல்லிய காற்று அங்கும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் புவிக்கு மிக அருகில் வருமிடத்தில் அது துணைக்கோளைச் சிறிது தடுக்கும். அத்தடையால் கோள் தாழும். தாழ்ந்தால் சுற்றுப்பாதை சிறுக்கும். சிறுத்தால் சுற்றி வரும் நேரம் குறையும். முளையில் கட்டிய ஆடு சுற்றிச் சுற்றிக் கயிற்றைத் தானே சுருக்கிக்கொண்டு, வரவர விரைவாகச் சுற்றி முடிப்பதைக் கிராமத்தில் கண்டிருப்போம். அதுபோன்றதே இது. காற்றுத் தடுக்கத் தடுக்கத் துணைக்கோள் விரைவது கேட்பதற்கு முரணாகத் தோன்றும், ஆயினும் உண்மை. தொடக்கத்தில் ஸ்பூட்னிக் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரம் 96 நிமிடம். அந்நேரம் நாள்தோறும் எத்தனை வினாடி குறைகிறது என்று அளந்தால், அவ்வுயரத்தில் காற்று எவ்வளவு செறிவுடையது என்பது கணக்கில் வந்துவிடும். அளந்தார்கள். அறிஞர்கள் முன்பு எண்ணியிருந்ததைவிடப் பல மடங்கு செறிவு அங்கே இருந்தது. எந்தக் கருவியும் அங்குச் சென்று காற்றைப் பிடித்து நிறுக்கவில்லை. வீழும் பொருளின் நடையே அதனைச் சொல்லிற்று.

அளந்தவர் யாவர்? இங்கேதான் இவ்வரலாறு சுவை பெறுகின்றது. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஸ்மித்சோனியன் வானியல் நிலையத்தின் தலைவராயிருந்த பிரெட் விப்பிள் என்பார், துணைக்கோள்கள் ஏறுவதற்கு முன்னரே ‘மூன்வாட்ச்’ என்னும் பெயரால் தொண்டர் படையொன்றைத் திரட்டியிருந்தார். ஆசிரியர், மாணவர், இல்லத்தரசியர், கடைக்காரர் என எல்லா வகையினரும் அதில் இருந்தனர். ஒவ்வொரு குழுவும் சிறு தொலைநோக்கிகளை வடக்கு தெற்காக வரிசையாக வைத்து, ஒருவர்க்கு வானத்தில் ஒரு துண்டு எனப் பங்கிட்டுக்கொண்டு காத்திருக்கும். நடுவே நட்ட கம்பத்தை ஒளிப்புள்ளி கடக்கும் கணத்தில் கண்டவர் குரல் கொடுக்க, வானொலியில் வரும் நேரக் குறியோடு அது பதிவாகும். செலவு சிறிது, பயன் பெரிது. இத்தொண்டு 1975 வரை நடைபெற்றது.

இங்கிலாந்தில் பார்ன்பரோ நகரத்து அரசு விமான ஆய்வு நிலையத்தில் டெஸ்மண்ட் கிங்-ஹீல், இராபர்ட் மெர்சன் ஆகிய இருவரும் இரண்டாம் ஸ்பூட்னிக்கின் பாதையை ஆராய்ந்தனர். லைக்கா என்னும் நாயைச் சுமந்து 1957 நவம்பர் 3-ஆம் நாள் ஏறிய அது, 1958 ஏப்ரல் 14-ஆம் நாள் தீப்பிழம்பாய் வீழ்ந்தது. புவி முழு உருண்டையன்று. நடுவில் சற்றே பருத்தது. அப்பருமை துணைக்கோளின் பாதைத் தளத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பும். அத்திருப்பத்தை அளந்த அவ்விருவரும், புவியின் தட்டைமை அதுகாறும் கொண்டிருந்தபடி 297-இல் ஒரு பங்கு அன்று, ஏறத்தாழ 298.2-இல் ஒரு பங்கே எனக் காட்டினர். நூறு மீட்டருக்கும் குறைந்த திருத்தந்தான். ஆயினும் ஏழு கடலும் ஏழு மலையும் அளந்து நூற்றாண்டுக் கணக்கில் உழைத்தவர்கட்குக் கிட்டாத நுட்பம், ஐந்து திங்கள் சுற்றிய ஒரு கலத்தின் பாதையிலிருந்து கிடைத்தது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடமொன்றில் கையர், வைபன்பாக் என்னும் இளைஞர் இருவர் ஸ்பூட்னிக்கின் வானொலி ஒலியைக் கேட்டனர். புகைவண்டி நெருங்கும்போது ஊதல் உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் ஒலிப்பதுபோல் அவ்வொலியும் மாறக் கண்டு, அதைக் கொண்டே அதன் பாதையைக் கணித்தனர். இதனைத் தலைகீழாக்கி, பாதை தெரிந்த கோளைக் கொண்டு கேட்பவன் நிற்கும் இடத்தைக் காணலாமே என்று அவர்தம் தலைவர் மக்ளூர் கூறினார். அதிலிருந்து கப்பல்களுக்கு வழிகாட்டும் துணைக்கோள்கள் தோன்றின. மொழி தெரியாத ஊரில் புதுத் தெருவைத் தேடும் நம்மவர்க்கு இன்று கைப்பேசி வழி சொல்வதன் தொடக்கமும் அதுவே.

இனி நம் நாட்டு மலைக்கு வருவோம். விப்பிள் தம் தொண்டர் படையோடு நில்லாது, பேக்கர்-நன் என்னும் பெருங்காமிராக்கள் பன்னிரண்டை உலகெங்கும் நிறுவினார். ஜேம்ஸ் பேக்கர் அதன் கண்ணாடிகளையும், ஜோசப் நன் அதன் இயந்திர அமைப்பையும் வகுத்தமையால் அப்பெயர். ஒவ்வொன்றும் மூன்று டன் எடையுடையது. ஐம்பது சென்டிமீட்டர் வாயகலமுடையது. பெரு நாட்டில் ஒன்று, ஸ்பெயினில் ஒன்று, பாரசீகத்து ஷிராஸில் ஒன்று, ஜப்பானில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று என அமைந்த அவ்வரிசையில், நம் நாட்டில் நைனிதாலும் ஓரிடம் பெற்றது. உத்தரப் பிரதேச அரசின் வானியல் நிலையம் 1954-இல் வாரணாசியில் தொடங்கி, மறு ஆண்டு நைனிதாலுக்குப் பெயர்ந்திருந்தது. அங்கே 1958-இல் இக்காமிரா பணி தொடங்கிற்று. அப்போது அந்நிலையத்தின் பொறுப்பிலிருந்தவர் வைணு பாப்பு. அவர் 1927-இல் சென்னையில் பிறந்தவர்; பின்னர் 1960-இல் கொடைக்கானல் சென்று, ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் நிலையத்தைத் தோற்றுவித்தவர். காவலூரை அறிந்த நம்மவருள் பலர், அவர் இமயத்து அடிவாரத்தில் துணைக்கோள்களைப் பின்தொடரும் பணிக்கும் இடங்கொடுத்தவர் என்பதை அறியார். அது பற்றியே ஈண்டுச் சற்று விரித்துரைத்தோம்.

காமிரா செய்த தொழில் நுட்பமானது. கேம்பிரிட்ஜிலிருந்து இன்ன கோள், இன்ன நேரம், இன்ன திசையில் வரும் என்று செய்தி வரும். குளிர் மிகுந்த இரவில் பணியாளர் காமிராவைத் திருப்பி, வரும் கோளின் வேகத்திற்கு அதனை நகர்த்துவர். அவ்வாறு எடுத்த படச்சுருளில் துணைக்கோள் ஒரு புள்ளியாகவும், விண்மீன்கள் கோடுகளாகவும் பதியும். படம் எடுத்த கணத்தைப் படிகக் கடிகாரம் வினாடியின் மிகச் சிறு பின்னம் வரை குறிக்கும். பிறகு விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டு அப்புள்ளியின் இடத்தை அளந்து திருப்பி அனுப்புவர். மழைக்காலத்தில் முகில் மூடிவிட்டால் வேலை இல்லை. மற்ற நாளெல்லாம் உண்டு. 1976-இல் பணி நிறைவுறும் வரை நைனிதாலில் 45,000-க்கும் மேற்பட்ட துணைக்கோட் கடப்புகள் படமெடுக்கப் பெற்றன. ராக்கெட்டு ஏவும் தளத்தில் நின்றவர் புகழை நாடு பாடிற்று. இம்மலையில் விழித்திருந்தவர் பெயர்கள் வெளியே தெரியவில்லை.

இத்தகைய அளவுகளை எல்லாம் ஒருங்கே வைத்து ஆராய்ந்தவர், அதே ஸ்மித்சோனியன் நிலையத்தில் பணியாற்றிய இத்தாலியர் லூயிஜி யாக்கியா. துணைக்கோள்கள் தாழும் வேகம் ஒரு சீராக இல்லாமல் ஏறி இறங்குவதை அவர் கண்டார். அவ்வேற்றத்தாழ்வு ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை மீண்டது. ஞாயிறு தன்னைத்தான் ஒருமுறை சுற்றிக்கொள்வதுபோல் நமக்குத் தோன்றும் காலமும் அதுவே. ஜெர்மனியில் பான் நகரத்து வொல்ப்காங் பிரீஸ்டரும் ஞாயிற்றின் வானொலிக் கதிர்களோடு இதனை ஒப்பிட்டார். முடிவு தெளிவாயிற்று: ஞாயிற்றில் புள்ளிகளும் கொந்தளிப்பும் மிகும்போது மேற்காற்று சூடேறிப் பொங்கி உயர்கின்றது, துணைக்கோளைத் தடுக்கின்றது. 2022 பிப்ரவரியில் அமெரிக்க நிறுவனமொன்று ஒரே ராக்கெட்டில் ஏற்றிய 49 ஸ்டார்லிங்க் கோள்களுள் பெரும்பாலானவை ஞாயிற்றுப் புயலொன்றால் சில நாளில் வீழ்ந்து அழிந்தபோது, யாக்கியா கண்டதே மீண்டும் கண்முன் நிகழ்ந்தது.

வீழ்வதை மட்டுமன்றி, ஏறுவதையும் மறைவிலிருந்து வெளிக்கொணர்ந்தவர் உண்டு. இங்கிலாந்தில் கெட்டரிங் என்னும் ஊரின் பள்ளியில் பௌதிக ஆசிரியராயிருந்த ஜெப்ரி பெரி, வேதியியல் ஆசிரியர் டெரிக் ஸ்லேட்டரோடும் மாணவரோடும் கூடி, எளிய வானொலிக் கருவி கொண்டு சோவியத்துத் துணைக்கோள்களின் ஒலியைக் கேட்டுக் குறித்துவந்தார். 1966-இல் ஏறிய சில கோள்களின் பாதைகள் அறிந்த ஏவுதளங்களோடு பொருந்தவில்லை. பாதையின் நிழலைத் தரைப்படத்தில் கோடாக வரைந்தால், ஏவிய இடம் அக்கோட்டின்மேல் எங்கோ இருக்க வேண்டும். சாய்வு வேறுபட்ட இரு பாதைகளின் கோடுகள் வெட்டுமிடம் எதுவோ அதுவே ஏவிய ஊர். அவ்வாறு வரைந்து, உருசிய வடபுலத்துப் பிளெசெட்ஸ்க் அருகே உலகம் அறியாத ஏவுதளம் ஒன்று உண்டு என்று பள்ளிப்பிள்ளைகள் வெளியிட்டனர். மாஸ்கோ அதனை ஒப்புக்கொண்டது 1983-இல். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் வல்லரசின் மறைப்பைத் திறந்த இந்நிகழ்ச்சியை நம் குழந்தைகட்குப் பெற்றோர் சொல்லவேண்டும் என்பது நம் விருப்பம்.

எல்லாம் காற்றிலேயே எரிந்துவிட்டால் கவலையில்லை, எரிவதில்லை. 1960-இல் ஏறிய நான்காம் ஸ்பூட்னிக்கின் கூண்டு 1962 செப்டம்பர் 5-ஆம் நாள் அமெரிக்க நாட்டின்மேல் வீழ்ந்தது. அதன் ஒன்பது கிலோகிராம் எடையுள்ள துண்டு, மானிடோவாக் என்னும் ஊரின் நடுத்தெருவில் புதைந்து கிடந்தது. கண்ட காவலர் ஏதோ பழைய இரும்பு என்றே முதலில் எண்ணினர். 1978 சனவரி 24-ஆம் நாள் கனடாவின் வடக்கே வீழ்ந்த காஸ்மாஸ் 954 அவ்வாறு நகைத்து விடக்கூடியதன்று. அதனுள் யுரேனிய அணு உலை இருந்தது. பனிப்பாலையில் கதிரியக்கத் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கக் கனடா பெரும்பொருள் செலவிட்டு, 60 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. 1981-இல் 30 லட்சம் பெற்று அமைந்தது. ஏற்றிய நாடே வீழ்ச்சிக்கும் பொறுப்பு என்று 1972-இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கை இருந்தும் பாதிதான் கிடைத்தது.

1979-ஆம் ஆண்டின் ஸ்கைலாப் அச்சம் நம் நாட்டு முதியோர் பலர்க்கு நினைவிருக்கும். 75 டன்னுக்கும் மேற்பட்ட அந்நிலையத்தை 1973 மே 14-ஆம் நாள் நாசா ஏற்றியது. ஒன்பது வீரர் முறைவைத்துத் தங்கி, 1974 பிப்ரவரியில் இறுதிக் குழு திரும்பியது. விண்ணோடம் ஆயத்தமானதும் அது சென்று ஸ்கைலாபை மேலே தள்ளிவிடும் என்பது திட்டம். ஞாயிறு காத்திருக்கவில்லை. அதன் கொந்தளிப்பு எண்ணியதைவிட மிகுந்தது, மேற்காற்றுத் தடித்தது, நிலையம் விரைந்து தாழ்ந்தது. விண்ணோடம் முதன்முதல் பறந்ததோ 1981 ஏப்ரலில். ஜூலை 11-ஆம் நாள் ஸ்கைலாப் இந்துமாக்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் புறத்திலும் சிதறி வீழ்ந்தது. எவர்க்கும் ஊறு இல்லை. எஸ்பெரன்ஸ் என்னும் ஊர் மன்றம் குப்பை கொட்டியதற்கு 400 டாலர் தண்டம் என்று நாசாவுக்குச் சீட்டு அனுப்பியது விளையாட்டாக.

அந்நாளில் ‘எங்கே வீழும் என்று ஏன் சொல்லமாட்டேன் என்கிறார்கள்?’ என்று மக்கள் சினந்தனர். மறைத்ததாகவே பலர் நம்பினர். அது முறையன்று என்பது நம் துணிபு. வீழும் கோளின் எஞ்சிய ஆயுளில் பத்தில் ஒரு பங்கு பிழை நேரும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. பத்து நாள் எஞ்சியிருந்தால் பிழை ஒரு நாள். ஒரு நாளில் அது உலகைப் பதினாறு முறை சுற்றிவிடும். மூன்று மணி நேரமே எஞ்சியிருந்தாலும் பிழை 18 நிமிடம். வினாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் பொருள் 18 நிமிடத்தில் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் கடக்கும். தில்லியிலிருந்து இலண்டனையும் தாண்டிச் செல்லும் தொலைவு அது. ஊரின் பெயரைச் சொல்பவன் ஜோதிடன்; கணிப்பவன் அல்லன்.

நாமும் ஏற்றுவோராய் ஆனபின் வீழ்ச்சிக் கணக்கு நம் வீட்டுக் கணக்கும் ஆயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட்டு 1980 ஜூலை 18-ஆம் நாள் ஏற்றிய ரோகிணி, பத்துத் திங்கள் சுற்றி 1981 மே மாதம் வீழ்ந்தது. அதே மாதம் 31-ஆம் நாள் ஏறிய மற்றொரு ரோகிணி போதிய உயரம் பெறாமையால் ஒன்பதே நாளில் அழிந்தது. 2001 டிசம்பரில், இரண்டு திங்கள் முன் ஏவிய பி.எஸ்.எல்.வி. ஒன்றின் கடைசிப் பகுதி விண்ணிலேயே வெடித்து 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாயிற்று. அதன்பின் எஞ்சிய எரிபொருளை வெளியேற்றிவிடும் நல்வழக்கத்தை நம்மவர் மேற்கொண்டனர். 2007-இல் ஏறிய கார்ட்டோசாட்-2 தானே தாழ முப்பது ஆண்டளவு ஆகும் என்று கண்டு, எஞ்சிய எரிபொருளால் அதன் உயரத்தை முன்னரே குறைத்தனர். 2024 பிப்ரவரி 14-ஆம் நாள் அது இந்துமாக்கடலின்மேல் எரிந்தது. 2017-இல் 104 கோள்களை ஒருங்கே ஏற்றிய ராக்கெட்டின் மேற்பகுதி, 2024 அக்டோபர் 6-ஆம் நாள் வட அட்லாண்டிக்கின்மேல் வீழும் வரை ஸ்ரீஹரிகோட்டாவின் ரேடார் அதனைக் கண்காணித்திருந்தது.

பிறர் ஏற்றியதும் நம் மண்ணில் வீழ்ந்தது. 2022 ஏப்ரல் 2-ஆம் நாள் இரவு மகாராட்டிரத்திலும் அண்டை மாநிலங்களிலும் தீக்கோடுகள் வானில் ஓடக் கண்டனர். சந்திரபூர் மாவட்டத்து லாட்போரி என்னும் சிற்றூரில் ஆளுயரத்தை மிஞ்சிய உலோக வளையமொன்று கிடந்தது. சுற்றுப்புறத்தில் உருண்டைகளும் கிடைத்தன. நல்வேளையாக யாரும் அடிபடவில்லை. 2021 பிப்ரவரியில் சீனர் ஏவிய ‘லாங் மார்ச்’ ராக்கெட்டின் மூன்றாம் பகுதி அது என்று இனங்கண்டவர் ஜொனாதன் மக்டவல். அவர் அப்போது பணியாற்றியது, முன்னர் நைனிதாலுக்குச் செய்தி வந்த அதே கேம்பிரிட்ஜ் நகரத்து வானியல் மையத்தில்.

இவற்றுள் மிக நீண்ட கதை காஸ்மாஸ் 482-இன் கதை. வெள்ளிக் கோளுக்கென 1972 மார்ச் 31-ஆம் நாள் சோவியத்து ஏவிய அது, புவியின் பிடியைக் கடக்கமாட்டாது இங்கேயே தங்கிவிட்டது. சில நாளில் நியூசிலாந்தின் வயல்களில் டைட்டானிய உருண்டைகள் கிடைத்தன. எந்நாடும் அவை தமதென உரிமை கொண்டாடவில்லை. வெள்ளியின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கும்படி செய்த, ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள இறங்குகலம் மட்டும் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் சுற்றியது. ஏற்றிய நாடு இதற்கிடையில் உலகப் படத்திலிருந்தே மறைந்துவிட்டது. 2025 மே 10-ஆம் நாள் காலை ஜெர்மனியிலிருந்த ரேடார் ஒரு சுற்றில் அதனைக் கண்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து அடுத்த சுற்றில் வரவேண்டிய நேரத்தில் அது வரவில்லை. ஜகார்த்தாவுக்கு மேற்கே இந்துமாக்கடலில் வீழ்ந்தது என்று உருசிய விண்வெளி நிறுவனம் கூறிற்று. வீழக் கண்டவர் எவரும் இலர்.